கணக்கு எண்ணின் பதினாறாவது இலக்கம் எங்கே போகிறது?

எக்செல்லில் ஒரு கட்டத்தில் 1234567890123456 என்று தட்டி என்டர் அடியுங்கள். 1.23457E+15 என்று சுருங்கித் தெரியும். அதே கட்டத்தைச் சொடுக்கி மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள்: 1234567890123450. கடைசி 6 பூஜ்ஜியமாகிவிட்டது. எந்த எச்சரிக்கையும் வராது.

காரணம், எண்களைச் சேமிக்கும் ஐஇஇஇ 754 முறை. ஓர் எண்ணுக்கு 64 பிட், அதாவது 64 இடங்களில் 0 அல்லது 1. இலக்கங்களுக்குக் கிடைக்கும் துல்லியம் 53 பிட். அதனால் 2இன் 53ஆம் அடுக்கு, அதாவது 9,00,71,99,25,47,40,992 வரை எந்த முழு எண்ணும் பிசகாமல் நிற்கும். அடுத்த எண், 993இல் முடிவது, இந்த முறையில் கிடையவே கிடையாது. அங்கிருந்து இரட்டைப்படை எண்கள் மட்டும்தான். 54ஆம் அடுக்கைத் தாண்டினால் நான்கு நான்காகத் தாவும். பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் கட்டளை கொடுக்கும் கன்சோலில் 9007199254740993 என்று கொடுத்தால் 992இல் முடியும் எண்ணே திரும்பி வரும். 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்களைப் பெரிதாக்கியபோது, ஜாவாஸ்கிரிப்டில் இதே சிக்கல் வரும் என்பதால் அந்த எண்ணை எழுத்து வடிவிலும் சேர்த்தே அனுப்பியது.

எக்செல் இன்னும் கறார். 15 இலக்க எண் எதுவானாலும் 53 பிட்டுக்குள் அடங்கும். 16 இலக்கத்தில் சில அடங்கும், சில அடங்காது. எனவே 15க்கு மேல் எல்லாவற்றையும் அது பூஜ்ஜியமாக்குகிறது.

சம்பளப் பட்டியலில்தான் இது கடிக்கும். 16 இலக்கக் கணக்கு எண் தரும் வங்கிகள் உண்டு. கடைசி இலக்கம் மட்டும் வேறுபடும் இரண்டு ஊழியர்களின் எண்கள் ஒன்றாகிவிடும். சேமித்துவிட்டால் பிறகு எந்த ஃபார்மேட் மாற்றமும் அந்த இலக்கத்தைத் திருப்பித் தராது.

12 இலக்க ஆதார் எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் E+11 என்று திரையில் தெரியும் நிலையிலேயே சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால், கோப்பில் பதிவதும் அந்தச் சுருக்கம்தான். எண்ணின் முதலில் வரும் பூஜ்ஜியங்களோ தட்டியவுடனேயே காணாமல் போகும்.

தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள்குறி போடுங்கள். வந்த சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்க வேண்டாம். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறியுங்கள்.

டெக்ஸ்ட் ஆக்கிய பிறகும் ஒரு பொறி பாக்கி. ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுன்ட்இஃப் ஃபார்முலா, எண்போலத் தெரியும் எழுத்தை மறுபடி எண்ணாக்கி ஒப்பிடும்; முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்தால் போதும், இரட்டைப் பதிவு என்று சொல்லிவிடும். அதை நம்பி நல்ல வரியை அழித்துவிடாதீர்கள். தேடும் மதிப்பின் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டினால் எழுத்தாகவே ஒப்பிடும்.

வங்கிக்கு ஏற்றும் முன் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எல்லா எண்ணும் பூஜ்ஜியத்தில் முடிந்தால், அல்லது எங்காவது E+ கண்ணில் பட்டால், ஏற்றாமல் மூலப் பட்டியலிலிருந்து மறுபடி எடுங்கள்.