ஒரே பலூனில் பழையதும் புதியதும்

வானிலை பலூன் நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறும். 30 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி வெடிக்கும்வரை, அதில் தொங்கும் ரேடியோசோண்ட் என்ற சிறு பெட்டி வெப்பநிலை, ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் ரேடியோ அலையில் அனுப்பிக்கொண்டே போகும்.

ரேடியோ சேர்வதற்கு முன், கருவி அளவுகளை ஓர் உருளையில் கீறிவைக்கும். கீழே விழுந்த கருவி யார் கையிலாவது கிடைத்துத் திரும்பி வந்தால்தான் கணக்கு. பிரான்சின் வானிலை ஆய்வாளர் தெய்செரென் த போர் அப்படித்தான், சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுபோவதைப் பார்த்தார். வெயில் பட்டுக் கருவி தவறு செய்கிறதோ என்று ஐயப்பட்டு, இரவிலும் பலூன்களை விட்டுச் சோதித்த பிறகே 1902இல் வெளியே சொன்னார். அந்த உயரத்துக்கு மேலுள்ள அடுக்குமண்டலம் தெரியவந்தது இப்படித்தான். அந்தப் பொறுமை எனக்கு இன்றும் வியப்பு. 1929இல் அதே நாட்டின் ராபர்ட் புரோ ரேடியோவோடு கருவியை அனுப்பினார்.

அழுத்தம் அளப்பது அன்றே ஓரளவு கைவந்துவிட்டது. படாத பாடு படுத்தியது ஈரப்பதம்தான். பழைய கருவிகளில் அதை அளந்தது முடி! ஈரத்தில் முடி நீளும், வறட்சியில் சுருங்கும். ஆனால் கடுங்குளிரில் அது மந்தமாகிவிடும். பலூன் மேகத்தைத் தாண்டி வறண்ட காற்றுக்குள் போன பிறகும், முடி மேகத்தின் ஈரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

இன்று அந்த இடத்தில் ஒரு மெல்லிய பாலிமர் படலம். நீராவியை உறிஞ்ச உறிஞ்ச அதன் மின்தேக்கு திறன் மாறும். அதை அளந்தால் ஈரப்பதம் தெரிந்துவிடும். மேகத்துக்குள் பனி படியாமலிருக்கப் புதிய வகைகளில் படலத்தைச் சற்றே சூடாக்குகிறார்கள். சூடான படலம் சுற்றியுள்ள காற்றைவிட வறண்டதாகக் காட்டும் அல்லவா? அதனால் படலத்தின் வெப்பத்தையும் தனியே அளந்து, கணக்கில் நேர்செய்கிறார்கள். காற்றின் வேகமும் திசையும் ஜி.பி.எஸ். தருகிறது. பல கருவிகளில் அழுத்த உணரியே கிடையாது. உயரத்தையும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வைத்து அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.

ஆனாலும் பாலிமர் படலமும் தவறியதுண்டு. சில வகைகளில் வெயில் படலத்தைச் சூடாக்க, பகலில் உயரத்துக் காற்று உண்மையைவிட வறண்டதாகப் பதிவானது. தெய்செரென் த போர் பயந்த அதே வெயில்!

அன்றாட முன்னறிவிப்புக்கு இந்தச் சிறு பிழை பெரிய கேடில்லை. பல பத்தாண்டுப் பதிவுகளை வைத்துக் காலநிலையை ஆராய்பவருக்கோ, கருவி மாறிய நாளில் வரும் தாவல், வானமே மாறியதுபோலத் தோன்றும். அதனால்தான் பழைய கருவியையும் புதியதையும் ஒரே பலூனில் ஒரு கழியின் இரு முனைகளிலும் கட்டி, பகலிலும் இரவிலும் மறுபடி மறுபடி அனுப்புகிறார்கள். காற்று ஒன்றே என்பதால், இரண்டுக்கும் இடையே தெரியும் வித்தியாசம் கருவிகளுடையது. அந்த வித்தியாசம் கையில் இருந்தால், முந்தைய பதிவுகளையும் நேர்செய்துகொள்ளலாம்.