இன்டெக்ரிட்டி: நேர்மைக்குள் அடங்காத ஒரு சொல்

தில்லித் தமிழர் வீடுகளில் தமிழாக்காமல் அப்படியே புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று இன்டெக்ரிட்டி. ஆர்.கே.புரம், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு இது அப்பாவின் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த சொல். மத்திய அரசு ஊழியரைப் பற்றி மேலதிகாரி எழுதும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் இதற்கென்று தனி இடம் உண்டு. அங்கே 'பியாண்ட் டவுட்', அதாவது ஐயத்துக்கு இடமில்லை, என்று விழுந்துவிட்டால் நிம்மதி. வேறு மாதிரி எழுதிவிட்டால் பதவி உயர்வு சிக்கல்தான். "அந்த மாமா இன்டெக்ரிட்டி விஷயத்துல நெருப்பு" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். கைநீட்டாதவர் என்று அதற்குப் பொருள். அக்டோபர் கடைசியை ஒட்டி ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரத்தில் அலுவலகம்தோறும் எடுக்கும் உறுதிமொழியிலும் இதே சொல்தான். தமிழில் அதை நேர்மை என்கிறோம்.

இதே சொல் ஒரு நாவலுக்குள் வரும்போது நேர்மை போதவில்லை. அய்ன் ராண்ட் எழுதி 1943இல் வெளிவந்த 'தி ஃபவுண்டன்ஹெட்', பன்னிரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு அச்சேறிய புத்தகம். தலைப்பைத் தமிழில் சொல்வது எளிது: ஊற்றுக்கண். கிணறு வெட்டுகிறவர்கள் வாயில் இன்றும் இருக்கும் சொல் அது. சிரமம் உள்ளே போனபின் வருகிறது. முதல் அத்தியாயத்திலேயே, கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஹோவர்ட் ரோர்க் தன் டீனிடம், கட்டடமும் மனிதனைப் போல உயிருள்ளது, அதற்கும் இன்டெக்ரிட்டி உண்டு என்கிறான். இந்த இடத்தில் நேர்மை என்று போட்டால், கட்டடத்துக்கு ஏது நேர்மை என்று வாசகர் கேட்பார். கேட்க வேண்டியதுதான்.

சொல்லின் வேர் லத்தீன். 'இன்டெகர்' என்றால் முழுமையானது, பழுதுபடாதது. அதையும் பிரித்தால் 'தொடு' என்ற வினையும் அதற்கு முன் ஒரு எதிர்மறை ஒட்டும் கிடைக்கும்: கை படாதது. அதன் பண்புப்பெயர் 'இன்டெக்ரிட்டாஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கணக்கில் முழு எண்ணைக் குறிக்கும் 'இன்டிஜர்', முழுவதையும் குறிக்கும் 'என்டயர்' ஆகியவை இதன் உடன்பிறப்புகள். ஆக, அடிப்படைப் பொருள் நல்லொழுக்கம் அல்ல, பின்னமாகாமல் இருத்தல். லஞ்சம் வாங்காமை அதன் ஒரு கிளை மட்டுமே. வேர்ப்பொருளை அப்படியே பெயர்த்துத் 'தீண்டாத' என்று தமிழில் எழுத முடியாது. அந்தச் சொல்லின் மேல் நம் சமூகம் ஏற்றிவைத்த கொடுமை அத்தனை.

நாவல் இந்த வேர்ப்பொருளைத்தான் பிடித்துக்கொள்கிறது. ரோர்க்குக்கு ஒரு பெரிய வங்கிக் கட்டட வேலை கிடைக்கிறது. கையில் காசு தீர்ந்துபோன நேரம். வரைபடம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு மாற்றம் கேட்கிறார்கள். முகப்பில் மட்டும் கிரேக்கத் தூண்களின் சாயல் கொஞ்சம் இருக்கட்டும், பார்ப்பவர்களுக்குப் பழகியதாக இருக்கும் என்கிறார்கள். அவன் மறுத்துவிட்டு, அலுவலகத்தை மூடி, கருங்கல் குவாரியில் கூலி வேலைக்குப் போகிறான். யாரும் அவனைத் திருடச் சொல்லவில்லை, பொய்க்கணக்கு எழுதச் சொல்லவில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவும் இங்கே வராது. ஆனாலும் அந்த முகப்பை ஒட்டியிருந்தால் ஏதோ ஒன்று உடைந்திருக்கும். அந்த ஏதோ ஒன்றுக்குத்தான் நமக்குச் சொல் தேவை.

கையிருப்பில் உள்ளவற்றைப் பார்க்கலாம். நேர்மை 'நேர்' என்பதிலிருந்து வருவது, கோணலின்மை. அடுத்தவரிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்ல அதற்கு மிஞ்சிய சொல் இல்லை. நாணயம் கொடுக்கல் வாங்கலோடு நின்றுவிடும். வாய்மை பேச்சைச் சேர்ந்தது. முழுமை நெருங்கி வருகிறது. ஆனால் குறையில்லாதவர், எல்லாம் நிறைந்தவர் என்ற வேறு பொருள் அதில் ஏறிவிடும். ஒருமைப்பாடு ஏற்கெனவே பதவியில் அமர்ந்திருக்கிறது: 1976இல் 42ஆவது திருத்தம் அரசமைப்பின் முகப்புரையில் 'இன்டெக்ரிட்டி' என்ற சொல்லைச் சேர்த்தபோது, தமிழில் நாட்டின் ஒற்றுமையோடு ஒருமைப்பாடும் சேர்ந்துகொண்டது. நாட்டுக்குப் பொருந்துவதன் வேர் மனிதனுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அந்த வேர் ஒருமை.

இது புதிதாகக் கண்டுபிடித்த பொருள் இல்லை. 'ஒருமை மகளிரே போலப் பெருமையும் தன்னைத்தான் கொண்டொழுகின் உண்டு' என்பது குறள் 974. இதில் வரும் ஒருமைக்குப் பரிமேலழகர் 'கவராத மனம்' என்று உரை எழுதுகிறார். கவர் என்றால் கிளைத்துப் பிரிவது, கவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாகப் பிளக்காத மனம். லத்தீன்காரர் எங்கே நின்றாரோ அதே இடத்தில் வள்ளுவரும் நிற்கிறார். உவமை பெண்களின் கற்பைச் சார்ந்தது, அது அந்தக் காலத்துப் பார்வை. ஆனால் இரண்டாம் பாதியில் உள்ள 'தன்னைத்தான் கொண்டொழுகல்' எந்தப் பாலுக்கும் உரியது. தன்னைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வாழ்வது. ரோர்க்கைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறவரும் இந்த மூன்று சொல்லைத் தாண்டி அதிகம் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

வள்ளலார் இன்னும் தெளிவாக வைக்கிறார். 'ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும், உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும்.' பள்ளியில் பாடிய வரிதான். ஒருமைக்கு நேரெதிராக அவர் நிறுத்துவது திருட்டை அல்ல, உள்ளொன்று புறமொன்றாக இருப்பதை.

ஒரு சிக்கல் உண்டு. ஒருமை என்றதும் இலக்கண வகுப்பின் ஒருமை பன்மை நினைவுக்கு வரும். 'ஒருமையில் பேசினார்' என்றால் மரியாதைக் குறைவு. மன ஒருமை என்றால் படிப்பில் கவனம். அதனால் வள்ளலாரின் 'உள்ளொன்று' என்பதை நினைவில் கொண்டு, உள்ளொருமை என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. உள்ளே ஒன்றாக இருத்தல், உள்ளதே வெளியே வருதல் என இரண்டையும் அது தாங்கும்.

சொல் புதிதாக இருக்கலாம், சங்கதி பழையது. புறநானூறு 208இல் பெருஞ்சித்திரனார் மலை பல கடந்து அதியமானிடம் பரிசில் பெற வருகிறார். அவன் இவரை நேரில் பாராமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். வறுமைப்பட்ட புலவர் அதைத் தொடவில்லை. 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்கிறார். தகுதி அறிந்து விரும்பித் தந்தால் தினையளவு போதும் என்கிறார். கலைஞனின் உள்ளொருமைக்குத் தமிழில் இதைவிடப் பழைய, இதைவிடத் துல்லியமான சாட்சி தேடத் தேவையில்லை.

எதிர்ச்சொல்லும் வேண்டும். 'கன்ஃபார்மிட்டி' என்பதற்கு இணக்கம் என்று அகராதிகள் தருவது மிக மென்மை. இணக்கம் நல்ல குணம். பேச்சுவழக்கில் இருப்பது ஒத்து ஊதுவது. நாகசுரக் கச்சேரியில் மெட்டு வாசிக்காமல் ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழல்தான் ஒத்து. ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் விசேஷ நாளில் நாகசுரம் கேட்டவர்களுக்கு, அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது தெரிந்திருக்கும். இசையில் அது இல்லாமல் நாகசுரம் இல்லை. அந்தக் கலைஞர்களுக்கு இதனால் குறைவும் இல்லை. வழக்குதான் சொல்லை மேலிடத்துக்குத் தலையாட்டுகிறவர் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நாவலாசிரியர் உண்டாக்கிய இன்னொரு சொல் 'செகண்ட்ஹேண்டர்'. நாவலுக்கு அவர் முதலில் நினைத்த தலைப்பே இதை ஒட்டியது. பழைய பொருள் வாங்குகிறவர் என்று இதற்குப் பொருளில்லை. அடுத்தவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்பதிலேயே வாழ்கிறவர். இரவல் வாழ்வு என்றால் சரியாக இருக்கும். பீட்டர் கீட்டிங் என்ற பாத்திரம், வேலைக்குப் போவதா மேற்படிப்புக்குப் போவதா என்று ரோர்க்கிடம் கேட்கிறான். உன் வேலையைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டதே தவறு என்று பதில் வருகிறது. டீனிடம் ரோர்க் சொல்லும் பார்த்தினான் கோயில் வாதமும் இதுவே: மரத்தூணில் தேவைப்பட்டதைக் கிரேக்கர்கள் சலவைக்கல்லில் படி எடுத்தார்கள், அதைப் பின்வந்தவர்கள் சுண்ணப்பூச்சில் படி எடுத்தார்கள், இப்போது நாம் இரும்பிலும் கான்கிரீட்டிலும் அந்தப் படியையே எடுக்கிறோம். இரவலுக்கு மேல் இரவல்.

கட்டடத்தின் உள்ளொருமை குலைவதைத் தில்லியில் கண்ணாலேயே பார்க்கலாம். கர்த்தவ்ய பத்தில் இந்தியா கேட்டிலிருந்து ரைசினா குன்றை நோக்கி நடந்தால் குடியரசுத் தலைவர் மாளிகை எதிரே எழுந்து நிற்கும். விஜய் சௌக் நெருங்க நெருங்க அது கீழே இறங்கத் தொடங்கும். முதலில் தூண் வரிசை மறையும், பிறகு செப்புக் குவிமாடமும் சாலையின் சரிவுக்குப் பின்னால் அமிழத் தொடங்கும். மாளிகையை வரைந்த லட்யன்ஸ், பாதை முழுவதும் அது தெரிய வேண்டும் என்று விரும்பினார். செயலகங்களை வரைந்த ஹெர்பர்ட் பேக்கர், அவையும் குன்றின் மேல் அதே மட்டத்தில் நிற்க வேண்டும் என்றார். மாளிகை பின்னுக்குப் போனது. அந்த ஏற்பாட்டுக்கு லட்யன்ஸ் முதலிலேயே ஒப்புதல் கொடுத்திருந்தார். விளைவு புரிந்த பிறகு சரிவை மாற்றச் சொல்லிப் பல ஆண்டு போராடியும் நடக்கவில்லை. இருவரின் நட்பும் முறிந்தது. பேக்கர் பக்கமும் நியாயம் உண்டு, ஆட்சியின் அலுவலகமும் ஆள்பவர் இல்லமும் சமமாக நிற்கட்டும் என்பது நல்ல கருத்துதான். ஆனால் இரண்டு கருத்துகள் ஒரே குன்றில் ஏறியதில், தொலைவில் முழுதாகத் தெரியும் கட்டடம் அருகே போனால் மறையத் தொடங்குகிறது.

'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்' என்று அதே வள்ளுவர்தானே சொன்னார் என்று தமிழறிந்த எவரும் கேட்பார்கள். குறள் 140. உலகம் என்பதற்கு அங்கே உரையாசிரியர் கொள்ளும் பொருள் உயர்ந்தோர்; கும்பல் அல்ல. அதோடு, உள்ளொருமை என்ற சொல்லில் ராண்டின் தத்துவம் முழுவதையும் ஏற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. பிறர்க்கென வாழ்வதை அவர் குறையாகவே பார்த்தார். ரோர்க் கடைசியில் வெடிவைத்துத் தகர்ப்பது ஏழைகளுக்காகக் கட்டிய குடியிருப்பை; தன் வரைபடத்தை மாற்றிவிட்டார்கள் என்பதற்காக. ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழியில் வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. தன்னைத்தான் கொண்டொழுகுகிறவர் ஊருக்கு உதவாதவராக இருக்க வேண்டும் என்று குறளில் எங்கும் இல்லை.

எழுதும்போது இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். அலுவலக அறிக்கையில் நேர்மை அப்படியே இருக்கட்டும். நிலநடுக்க அச்சமுள்ள இந்த நகரத்தில் பொறியாளர் அடுக்குமாடியைச் சோதித்துச் சொல்வது கட்டமைப்பு உறுதி. நாட்டுக்கு ஒருமைப்பாடு. எழுத்தாளர், ஓவியர், கட்டடக் கலைஞர், மேலதிகாரிக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் கோப்பில் தன் கருத்தை மாற்றாமல் எழுதும் பிரிவு அலுவலர் ஆகியோருக்கு உள்ளொருமை. 'உள்ளொருமை உடையவர்', 'படைப்பின் உள்ளொருமை குலைந்தது', 'உள்ளொருமையோடு எழுதினார்' என வேற்றுமை உருபுகள் எல்லாவற்றையும் ஏற்று இச்சொல் இயல்பாகவே நடக்கும்.