துக்க ஆலோசனை அல்ல, ஆற்றுப்படுத்தல்

நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களுக்கான கையேடுகளில் ‘துக்க ஆலோசனை’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. கிரீஃப் கவுன்சலிங் என்பதற்கு இதைத்தான் போடுகிறார்கள். ‘துக்க ஆலோசகர் உங்களுக்குத் தகுந்த ஆலோசனைகளை வழங்குவார்’ என்றுகூட எழுதுகிறார்கள். அவர் செய்யக் கூடாத வேலையே அதுதான்.

கவுன்சலிங்கின் வேர் லத்தீன். கூடிப் பேசுதல், யோசனை என்று பொருள். ஆலோசனை வடசொல், லோசனம் என்றால் கண், ஆகவே ஆராய்ந்து பார்ப்பது. வேருக்கு வேர் பொருந்துகிறது, சரி. ஆனால் அந்தத் தொழில் வேரை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. 1940களிலேயே அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் புத்தி சொல்வதைத் தள்ளிவைத்து, காது கொடுத்துக் கேட்பதை முன்னால் வைத்தார்.

கணவர் இறந்து மாதங்கள் ஆகியும் அவருடைய எண்ணை போனிலிருந்து அழிக்க முடியாமல் ஒரு பெண் தவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசனை சொல்பவர், “அழிச்சிடுங்க, மனசு லேசாகும்” என்பார். ஆற்றத் தெரிந்தவர், “கடைசியா என்ன பேசினார்?” என்று கேட்பார். அதே பேச்சை அந்தப் பெண் நாலாவது முறை சொன்னாலும் அவசரப்படுத்த மாட்டார். அழாதே, பிள்ளைகளைப் பார், வேலையில் மனதைச் செலுத்து என்று ஊரே ஏற்கெனவே ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் எதற்கு?

இந்த ஆலோசனைப் புத்திதான் ‘துக்கத்தின் ஐந்து நிலைகளை’ (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) கால அட்டவணை ஆக்கியதும். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. அதை இழந்தவர் தலையில் கட்டி, ‘நீங்கள் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறீர்கள்’ என்று சொல்வது கொடுமை.

நம்மிடம் ஆற்றுதல் இருக்கிறது. காயம் ஆறும், பால் ஆறும், கோபம் ஆறும். ஆறுவது தானாக நடப்பது. அதற்கு ஒருவர் கைகொடுப்பது ஆற்றுவது. ‘ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்’ என்கிறது கலித்தொகை; அலந்தவர் என்றால் துன்பப்பட்டவர். ஆற்றுப்படுத்தல் என்றால் அதில் வழி என்ற பொருளும் சேர்கிறது: பரிசில் பெற்றுத் திரும்பும் பாணர், எதிரே வரும் பாணருக்குத் தாம் போய்வந்த வழியைச் சொல்வதுதான் ஆற்றுப்படை. அந்த ‘ஆறு’ வேறு, இந்த ‘ஆறு’ வேறு என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான். இங்கே இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை நான் நல்வாய்ப்பு என்றே சொல்வேன்.

வடசொல் என்பதற்காக நான் சண்டை போடவில்லை. துக்கமும் வடசொல்தான்; துக்கம் விசாரிக்காத தமிழர் உண்டா? இலங்கைத் தமிழர் புழங்கும் ‘உளவளத்துணை’யும் எனக்குச் சம்மதமே. அதில் துணை இருக்கிறது, உபதேசம் இல்லை. பொருள் பிசகுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது ‘துக்க மேலாண்மை’ வேறு புறப்பட்டிருக்கிறது. கழிவுக்கும் கிடங்குச் சரக்குக்கும் போடுகிற சொல்லைப் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் போடுகிறவர்கள், அச்சுக்கு அனுப்பும் முன் அந்தத் தொடரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.