ஸ்கோப்பின் ரெட்டிகிள்: வேட்டைக்கும் தொலைதூர இலக்குக்கும் எது பொருந்தும்?

ரைஃபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது அது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், முன்வில்லை எத்தனை மில்லிமீட்டர் என்பவற்றைத்தான். ரெட்டிகிளை, அதாவது உள்ளே தெரியும் குறிக்கோடுகளை, கடையின் நல்ல வெளிச்சத்தில், உச்ச உருப்பெருக்கத்தில் ஒரு நொடி பார்த்துவிட்டு, கோடுகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ரைஃபிள்களுக்கு ஸ்கோப் பொருத்துவதையும் சுடுதளத்தில் பயிற்சி அளிப்பதையும் தொழிலாகக் கொண்ட எனக்கு, குறி தவறியதாக வரும் முறையீடுகளில் பலவற்றில் வில்லையின் தரத்தில் குறை தெரிவதில்லை. செய்யப்போகும் வேலைக்கு ஒவ்வாத ரெட்டிகிள்தான் அங்கே காரணமாக இருக்கிறது. எந்த வெளிச்சத்தில், எந்த உருப்பெருக்கத்தில், எவ்வளவு அவகாசத்தில் சுடப்போகிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே கோடுகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வேட்டையில் விலங்கு பெரும்பாலும் விடியலிலோ அந்தியிலோதான் வெளியே வரும். மர நிழலில் நிற்கும் கரிய உடலின் மேல் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும் இடமே தெரியாது. ஓரங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் டூப்ளெக்ஸ் வகை, 1962-இல் லியூபோல்ட் நிறுவனத்தால் அறிமுகமாகி இன்றும் வழக்கில் இருப்பதற்கு இதுவே காரணம்: மையம் மங்கினாலும் தடித்த பகுதிகள் கண்ணை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். மேலே தடித்த கோடு இல்லாத ஜெர்மன் 4-ஆம் எண் ரெட்டிகிளும் அதே குணமுடையதுதான். ஒளிரும் மையப்புள்ளி உதவும் என்றாலும், இருட்டுக்குப் பழகி விரிந்த கண்மணிக்கு அதன் மிகக் குறைந்த ஒளியே போதும். அளவை அவ்வளவு தூரம் குறைக்க முடியாத ஸ்கோப்பில் புள்ளியின் பிரகாசமே விலங்கை மறைத்துவிடும். ஒளிரும் ரெட்டிகிளை வேட்டையில் பயன்படுத்துவது குறித்த விதிகள் இடத்துக்கு இடம் மாறலாம் என்பதால், வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

அதிகக் குழப்பம் விளைவது குவியத் தளத்தில்தான், அதாவது ஸ்கோப்பின் உள்ளே ரெட்டிகிள் எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பதில். ரெட்டிகிள் முதல் குவியத் தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது காட்சியோடு கோடுகளும் சேர்ந்து பெரிதாகும். ஆகவே குறிகளுக்கு இடையிலான கோண அளவு எந்த நிலையிலும் மாறாது. இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடுகள் எப்போதும் ஒரே பருமனில் தெரியும், ஆனால் அவற்றின் அளவு ஏதோ ஓர் உருப்பெருக்கத்தில், பெரும்பாலும் உச்ச நிலையில், மட்டுமே சரியாக இருக்கும். 12 மடங்கில் சரியான இரண்டாம் தள ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்துக்கொண்டு ஒருவர் 2 மில் (மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டருக்குச் சமமான கோண அலகு) குறியைப் பிடித்தால், அவர் உண்மையில் பிடிப்பது 4 மில். 400 மீட்டரில் தோட்டா 80 சென்டிமீட்டர் மேலே போகும். இதைக் கேட்டதும் எல்லோரும் முதல் தளமே வாங்க வேண்டும் என்று கிளம்பிவிடக் கூடாது. 3 முதல் 18 மடங்கு வரையுள்ள முதல் தள ஸ்கோப்பில், 3 மடங்கில் ரெட்டிகிள் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, வேட்டைக்காரருக்கு மிகவும் தேவைப்படும் அந்த வேளையிலேயே சிலந்தி நூல் போலாகிவிடும். நெருங்கிய தூரத்தில், மையத்தை மட்டுமே வைத்துச் சுடுபவருக்கு இரண்டாம் தளமே என் பரிந்துரை.

தூரவாரியாகத் தோட்டாவின் இறக்கத்தை ஈடுகட்டும் பிடிசி ரெட்டிகிள்களில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அந்தக் குறிகள் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கும், அதன் வேகத்துக்கும், காற்றின் அடர்த்திக்கும் கணக்கிடப்பட்டவை. வேறு தோட்டாவோ, வேறு குழல் நீளமோ, உயரமான மலைப்பகுதியோ வந்தால் அவை நகர்ந்துவிடும். தவிர, 500 மீட்டருக்கு ஒரு குறி இருப்பதாலேயே அந்தத் தூரத்தில் உயிருள்ள விலங்கின் மேல் சுடும் துணிவு சிலருக்கு வந்துவிடுகிறது. பயிற்சியில்லாத அந்தத் துணிவின் விளைவைக் காயத்தோடு ஓடும் விலங்குதான் அனுபவிக்கிறது.

தொலைதூர இலக்குப் பயிற்சியில் நிலைமை தலைகீழ். வெளிச்சமும் அவகாசமும் உண்டு. நுண்மையான அளவுதான் தேவை. ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், ஒரு எம்ஓஏ (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர். இரண்டில் எது சிறந்தது என்ற வாதம் வீண். ரெட்டிகிளும் குறியைச் சரிசெய்யும் திருகுக் குமிழும் ஒரே அலகில் இருப்பதே முக்கியம். மில் ரெட்டிகிளும் கால் எம்ஓஏ கிளிக்கும் (குமிழின் ஒரு படி) கொண்ட ஸ்கோப்பில், தோட்டா விழுந்த இடத்தைக் கோடுகளால் அளந்துவிட்டு ஒவ்வொரு முறையும் 3.44-ஆல் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கோட்டின் தடிமனையும் பாருங்கள்: 0.03 மில் கோடு 1000 மீட்டரில் 3 சென்டிமீட்டரை மறைக்கும், 0.1 மில் கோடோ 10 சென்டிமீட்டரை விழுங்கிவிடும். தூரம் தெரிந்த தாள் இலக்கில் சுடுபவருக்கு மெல்லிய சிலுவைக் கோடும் நுண்புள்ளியுமே போதும். தூரமும் காற்றும் மாறிக்கொண்டே இருக்கும் போட்டிகளில்தான், கீழே விரிந்து செல்லும் மர வடிவக் கட்டங்கள் பயன்படுகின்றன. அவற்றைக் கொண்டு தூரத்தை அளக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மீட்டர் உயரமுள்ள பலகை 2.0 மில்லாகத் தெரிந்தால் 500 மீட்டர், அதையே 2.1 என்று படித்தால் 476 மீட்டர் என்று கணக்கு வந்துவிடும். தூரமானி இருக்கும்போது அதையே நம்புங்கள்.

எதை வாங்கினாலும் பொருத்துவதில் பிழை இருந்தால் பயனில்லை. ரெட்டிகிள் 2 பாகை சாய்ந்திருந்தால், 10 மில் ஏற்றிச் சுடும் 1000 மீட்டரில் தோட்டா 35 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். சுடுபவரோ காற்றைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். கண்வில்லையை வெறும் வானத்தை நோக்கித் திருப்பி, கோடுகள் பார்த்த கணமே கூர்மையாகத் தெரியும்படி சரிசெய்யுங்கள். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் தானாகவே இணங்கிவிடும். பிறகு, தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த ரைஃபிளைப் பாதுகாப்பான திசையில் நிலையாக வைத்து, 100 மீட்டரில் தூக்குக்குண்டு நூலோடு ஒட்டி ஒரு மீட்டர் அளவுநாடாவை நிறுத்துங்கள். செங்குத்துக் கோடு நூலோடு பொருந்த வேண்டும், 10 மில் குறிகள் நாடாவின் முழு நீளத்துக்கும் சரியாக நிற்க வேண்டும். இரண்டாம் தள ஸ்கோப்பாக இருந்தால் எந்த உருப்பெருக்கத்தில் அப்படி நிற்கிறதோ, அந்த இடத்தில் உருப்பெருக்கத்தை மாற்றும் வளையத்தின் மேல் வண்ணத்தால் ஒரு கோடு இட்டுவிடுங்கள்.