பானைத் தண்ணீர் குளிராத நாள்

கட்டட வேலை நடக்கும் சைட்டில் நிழலில் வைத்திருக்கும் மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்துப் பாருங்கள். தண்ணீர் ஜில்லென்று இருந்தால், வெயில் சுட்டாலும் அன்றைக்கு உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள வழி உண்டு. விடியற்காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கும் வெதுவெதுப்பாகவே இருந்தால், அன்றைக்குத் தளம் போடுகிறவர்கள் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். பானை குளிர்வதும் ஆள் குளிர்வதும் ஒரே வழியில்தான். கசிந்த நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது சரியாக நடக்காது. வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். விழுந்த வியர்வை உடம்புக்குத் துளியும் குளிர்ச்சி தராது, உடம்பிலிருந்த நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

டிவியில் சொல்லும் டிகிரியை மட்டும் நம்பிக் கடலோரத்தில் வேலையைத் திட்டமிடக் கூடாது என்பது இதனால்தான். வேலூரில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அங்கே ஏறக்குறைய 25 டிகிரி காட்டும். கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் 36 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அதே வெப்பமானி 29 காட்டும். உடம்புக்குக் கணக்கு இந்த ஈரத்துணி வெப்பமானி காட்டும் எண்தான். வானிலை ஆய்வு மையமும் சமவெளிக்கு ஓர் அளவுகோல், கடலோரத்துக்கு வேறோர் அளவுகோல் வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே எழும். கடலோரத்தில் 37 டிகிரி இருந்து, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் போதும்.

கத்திரியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும், வெயில் ஏறிக்கொண்டே போகும். கடல்காற்று இறங்கியதும் சூடு தணியும், ஈரம் ஏறும். மொட்டை மாடியில் நிற்பவருக்கு அந்தக் காற்று மேலே படுவதால் ஆறுதல். கீழே ஜன்னல் வைக்காத அறைக்குள் பூச்சு வேலை செய்யும் கொத்தனாருக்கு ஈரம் மட்டுமே வந்து சேரும், காற்று வராது. வெயிலில் நிற்பவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம், நிழலில் புழுங்குகிறவரை மறந்துவிடுகிறோம்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். கடும் வேலையில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை 200 முதல் 250 மில்லி குடிக்க வேண்டும். தாகம் எடுக்கிறதா என்று காத்திருக்க வேண்டாம், தாகம் எப்போதும் பின்தங்கித்தான் வரும். மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் என்றால், 12 பேர் கொண்ட கான்கிரீட் குழு எட்டு மணி நேரம் வேலை செய்ய 72 முதல் 96 லிட்டர் ஆகும். 20 லிட்டர் கேனில் ஐந்து. பல சைட்டுகளில் இரண்டு கேன் வந்து இறங்கும், அதிலும் கை கழுவுவார்கள். கேன் கீழே மரத்தடியில் இருக்கும், ஆட்கள் மூன்றாவது மாடியில் இருப்பார்கள். இறங்கி ஏறிக் குடிக்க யாருக்கும் மனம் வராது. தண்ணீர் ஆள் இருக்கும் தளத்துக்கே போக வேண்டும். தார்ப்பாய் நிழலில், ஈரச் சாக்கு சுற்றி, ஆளுக்கொரு டம்ளரோடு. கால் மணிக்கு ஒரு முறை விசில் ஊத ஒருவரை நியமித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

காலை முழுக்கக் குடிக்காமல் இருந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒரு பாட்டிலை மடமடவென்று காலி செய்வது பயன் தராது. வயிறு உப்பும், பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். மறுபக்கமும் ஆபத்து உண்டு. மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகலாம். தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பார்க்கிறவர்கள் நீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்.

காலையில் உப்புப் போட்ட உணவு சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு முதல் இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரே போதும். அதன்பின் உப்பும் சேர வேண்டும். மலிவானதும் நல்லதும் நீர்மோர்தான். 200 மில்லி தயிர், 800 மில்லி தண்ணீர், தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. காலையில் கலக்கியதை மதியத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழைய சோற்று நீராகாரமும் உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழும் இதே வேலையைச் செய்யும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். இளநீரை மட்டுமே குடித்துவிட்டுக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றால் அதில் ஆச்சரியமில்லை.

ஓஆர்எஸ் பொட்டலத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது. அது குடலுக்குள் நீரை இழுக்கும், வயிற்றுப்போக்கே வரலாம். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது, எது எத்தனை மில்லிக்கு என்று படித்துவிட்டுக் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு கூடக் கூடாது. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் உப்புக் கலந்த பானத்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் கோடை தொடங்குமுன்பே கேட்டுவிடுவது நல்லது. தாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்று மேஸ்திரிகள் குறைப்படுவதுண்டு. சைட்டில் கழிவறை இல்லை, அதனால் குடிப்பதில்லை. இதற்கு விழிப்புணர்வு வகுப்பு தேவையில்லை, தாழ்ப்பாள் போட்ட ஒரு தற்காலிகக் கழிவறை தேவை. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் வந்தபின் ஆகும் செலவு அதைவிட அதிகம்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சள் என்றால் நீர் பற்றவில்லை. (சத்து மாத்திரை போட்டிருந்தால் இந்தச் சோதனை செல்லாது.) கோலா நிறத்தில் போனால் அது வேறு கதை. தசை சிதைந்து சிறுநீரகத்தில் இறங்குவதாக இருக்கலாம், அன்றே மருத்துவமனை. ஒரு எடை மெஷின் இருந்தால் இன்னும் துல்லியம். 60 கிலோ ஆள் மாலையில் 58.8 கிலோ என்றால் 1.2 லிட்டர் கடன், அதாவது இரண்டு சதவீதம். அந்த அளவிலேயே கவனம் தடுமாறும். சாரத்தின் மேல் நிற்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

வெயிலில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் புதியவர்கள். உடம்பு சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். புது ஆளுக்கு முதல் நாள் வெயிலில் 20 சதவீத நேரமே வேலை, பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம். பழைய ஆளே ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் அந்தப் பழக்கம் குறைந்துவிடும். அவருக்கு 50, 60, 80, 100 என்று நான்கு நாளில் ஏற்றலாம். முந்தைய இரவு மது குடித்துவிட்டு வந்தவரை அன்றைக்குக் கம்பி கட்ட ஏற்றாதீர்கள்.

தளம் போடும் நாளில்தான் எல்லா விதியும் உடையும். பாதியில் நிறுத்தினால் முன்பு போட்டதும் பிறகு போட்டதும் ஒட்டாமல் கான்கிரீட்டில் இணைப்பு விழும் என்பதால் யாரும் உட்கார மாட்டார்கள். கத்திரியில் விடியற்காலை நான்கு மணிக்கே ஆரம்பித்து, பத்து மணிக்குள் முடிக்கும் அளவாகப் பகுதி பிரியுங்கள். கான்கிரீட்டுக்கும் அதுதான் நல்லது, வெடிப்பு குறையும்.

தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, ஆனால் பேச்சு தெளிவு என்றால் நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஓஆர்எஸ் கொடுத்து, கூடவே ஒருவர் இருங்கள். பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், தள்ளாடுகிறார் அல்லது வலிப்பு வருகிறது என்றால் அது வெப்ப வாதம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கடும் உழைப்பில் வருவது வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். 108ஐ ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கா, கடலூர் தலைமை மருத்துவமனைக்கா என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. தார்ப்பாயின் நான்கு ஓரத்தையும் தூக்கித் தொட்டிபோல் பிடித்து, ஆளை அதில் கிடத்தி, தலை வெளியே இருக்க, தண்ணீரும் ஐஸும் கொட்டுங்கள். ஐஸ் இல்லையென்றால் கான்கிரீட்டை நனைக்கும் கியூரிங் ஹோஸைத் திறந்துவிட்டு விசிறுங்கள். முதலில் ஹோஸில் தேங்கிய சுடுதண்ணீர் வரும், அதை வெளியே விட்டபின் பிடியுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

தேறிவிட்டார் என்று மறுநாளே சட்டி தூக்க அனுப்பாதீர்கள். மருத்துவர் அனுமதித்தபின் அவரும் புது ஆள்தான், 20 சதவீதத்திலிருந்து தொடங்க வேண்டும்.