ஏன் செய்தாய் என்று கேட்ட டைரி

மேசைமேல் சோமா என்றொரு புதிர். சின்னக் கனசதுரங்களை ஒட்டிச் செய்த ஏழு துண்டுகள். அவற்றைச் சேர்த்து, படத்தில் இருக்கும் உருவத்தைக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் புரட்டிப் பார்க்கச் சில பத்திரிகைகள். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனை இது. கல்லூரி மாணவர்கள் 24 பேர், ஆளுக்கு மூன்று அமர்வுகள். ஒவ்வொரு அமர்விலும் ஏதோ காரணம் சொல்லி, சோதனை நடத்துபவர் 8 நிமிடம் வெளியே போய்விடுவார். அந்த நேரத்தில் மாணவர் பத்திரிகை படிக்கலாம், சும்மா இருக்கலாம், புதிரையும் தொடரலாம்.

பாதிப் பேருக்கு இரண்டாம் அமர்வில் மட்டும், முடித்த உருவத்துக்கு ஒரு டாலர் கிடைத்தது. காசைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் அந்த இடைவேளையில் சராசரியாக 4 நிமிடத்துக்குச் சற்று மேல் புதிரோடு உட்கார்ந்திருந்தார்கள். காசு நின்றதும் அது 3 நிமிடத்தை ஒட்டி இறங்கிவிட்டது. காசே வாங்காதவர்களின் ஆர்வம் குறையவில்லை.

24 பேரை வைத்து முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் 1999இல் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் மூவரும் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே போக்கு தெரிந்தது: ‘முடித்தால் இது கிடைக்கும்’ என்று முன்கூட்டியே சொல்லித் தரும் பரிசு, ஆர்வத்தைக் கரைக்கிறது.

சரி, வாழ்க்கை முழுக்கப் புதிர் விளையாட்டா என்ன? ஹாஸ்டலில் துணி துவைப்பதை எடுத்துக்கொள்வோம். ரூம்மேட் திட்டுவான் என்று ஒருவர் துவைக்கிறார். ‘இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனுஷன்’ என்று இன்னொருவர் தன்னையே விரட்டிக்கொள்கிறார். வெளியிலிருந்து யாரும் விரட்டாததால் இதைச் சொந்த விருப்பம் என்று நினைத்துவிடுவோம். மாணவர்களை அதிகம் களைக்க வைப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாமவருக்குக் காலையில் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போவது முக்கியம். துவைப்பதில் அவருக்கும் சுகம் ஒன்றுமில்லை, ஆனால் காரணம் அவருடையது. ஒன்றை நாம் ஏன் செய்கிறோம் என்று ஆராய டெசியும் ரயனும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாட்டில் முதல் இரண்டும் கட்டாயத்தின் பக்கம். மூன்றாவது, ரசித்துச் செய்வதற்குப் பக்கத்தில்.

இந்த வேறுபாடு ஒரு நாளின் மனநிலையில் தெரியுமா? 1996இல் கென்னன் ஷெல்டன், ரயன், ஹாரி ரெய்ஸ் மூவரும் 60 மாணவர்களை இரண்டு வாரம் டைரி எழுதச் சொன்னார்கள். தூக்கத்தை விட்டுவிட்டு, அன்று அதிக நேரம் பிடித்த மூன்று வேலைகள் எவை, அவற்றை ஏன் செய்தாய், எவ்வளவு நன்றாகச் செய்ய முடிந்தது என்பவை கேள்விகள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு மாணவரை அவரோடேயே ஒப்பிட்டதுதான். குணத்திலேயே உற்சாகமானவர், சோர்வானவர் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அவரவருக்கு வழக்கமானதைவிட அதிகமாகத் தன் இஷ்டப்படி வேலை நடந்த நாளிலும், அது கைகூடிவந்த நாளிலும் மனம் தெளிந்திருந்தது. உடம்பில் தெம்பு கூடியிருந்தது. தலைவலி போன்ற தொல்லைகள்கூடக் குறைந்திருந்தன.

அப்புறம் 2000இல் ரெய்ஸ் குழு 76 மாணவர்களிடம் இதே டைரி முறையை நடத்தியது. இந்த முறை மற்றவர்களோடு நெருக்கமாக உணர்ந்ததையும் அளந்தது. அந்த நெருக்கத்தை அதிகம் கொடுத்தவை இரண்டு. ஒன்று, மனசுக்கு முக்கியமானதைப் பற்றிப் பேசியது. மற்றது, எதிரில் இருப்பவர் தன்னைப் புரிந்துகொண்டார், மதித்தார் என்ற உணர்வு.