நியாயமற்ற பாதகம்: கம்பனிச் சட்டத்தில் ‘பிரெஜுடிஸ்’ தப்பெண்ணம் அல்ல

குடும்பக் கம்பனியில் தகராறு மூண்டதும் இணையத்தில் தேடுபவர்களுக்கு முதலில் அகப்படுவது ‘அன்ஃபெயார் பிரெஜுடிஸ்’ என்ற இங்கிலாந்துச் சட்டச் சொல். கம்பனி நடத்தப்படும் விதத்தால் நியாயமின்றிப் பாதிக்கப்படும் பங்குதாரர் நீதிமன்றத்தில் கேட்கும் பரிகாரத்தின் பெயர் அது. அகராதியில் பிரெஜுடிஸுக்குத் ‘தப்பெண்ணம்’ என்றிருக்கும். இந்த இடத்தில் அது பிழை. அண்ணன் மனதில் என்ன எண்ணம் இருந்தது என்பதல்ல, தங்கையின் பங்குக்கு என்ன நேர்ந்தது என்பதே வழக்கு.

பிரெஜுடிஸின் இலத்தீன் மூலத்துக்கு ‘முன் தீர்ப்பு’ என்று பொருள். விசாரிக்குமுன் எடுத்த முடிவையும், அதனால் ஒருவருக்கு விளையும் கேட்டையும் அச்சொல் குறித்தது. முதற்பொருள் பேச்சு வழக்கில் தங்க, இரண்டாவது பொருள் சட்டத்தில் நிலைத்தது. சமரசக் கடிதத்தின் தலையில் இடும் ‘விதவுட் பிரெஜுடிஸ்’ என்பதும் ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்பதே.

ஆகவே ‘நியாயமற்ற பாதகம்’ என்பதே பொருத்தம். ‘பாதகம்’ என்றதும் பஞ்சமாபாதகம் நினைவுக்கு வரலாம். வடமொழியில் பாவத்தைக் குறிக்கும் சொல்லும் இடையூற்றைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘சாதக பாதகம்’ என்பதில் வரும் பாதகமே நமக்கு வேண்டியது. ‘முறைகேடான பாதிப்பு’ என்று எழுதுவதும் சரியல்ல. எந்த விதியையும் மீறாமலே ஒருவரை நியாயமின்றி நசுக்கலாம். அந்த இடைவெளிக்காகவே இந்தப் பரிகாரம் உருவானது.

இங்கிலாந்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த சொல் ‘ஒப்பிரெஷன்’, அதாவது ஒடுக்குமுறை. அதற்கு ‘சுமையான, கடுமையான, தவறான’ நடத்தை என்று 1959இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பொன்று பொருள் சொன்னது. அது மிகக் குறுகலாக இருந்ததால் 1980இல் ‘நியாயமற்ற பாதகம்’ இடம்பிடித்தது. இன்று அது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 994ஆம் பிரிவு.

இலங்கையில் அந்த மாற்றம் நடக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் 224ஆம் பிரிவு ஒடுக்குமுறை பற்றியது. 225ஆம் பிரிவு கம்பனியின் நலனுக்கே பாதகமான நிருவாகம் பற்றியது. இங்கு மனு எழுதும்போது இந்தச் சொற்களே வேண்டும். பங்கிலாபம் தராமல் பணிப்பாளர்கள் தங்கள் சம்பளத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போவது 224இன் பக்கம். கம்பனிக் காணியைத் தங்கள் உறவினருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுப்பது 225இன் பக்கம். பல வழக்குகளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

மனுதாரர் ஆறு மாதமாகத் தொடர்ந்து பங்குதாரராக இருந்திருக்க வேண்டும். கூடவே வாக்குரிமையில் 5 வீதமோ, பங்குதாரர் எண்ணிக்கையில் 5 வீதமோ வேண்டும். எண்ணிக்கை வழியைப் பலர் கவனிப்பதில்லை. சம்மாந்துறையில் மூவர் பங்குள்ள அரிசி ஆலைக் கம்பனி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,00,000 பங்குகளில் தங்கைக்கு 15,000. அண்ணன்மார் தங்களுக்கு மட்டும் 3,00,000 புதுப் பங்குகள் வழங்கினால் அவருடைய 15 வீதம் 3.75 ஆகச் சுருங்கும். வாக்கு வழி அடைபட்டாலும், மூவரில் ஒருவர் என்பதால் எண்ணிக்கை வழி திறந்தே இருக்கும். அமைப்பு விதிகள் வேறு சொல்லாவிட்டால், புதுப் பங்குகளை முதலில் இருக்கும் பங்குதாரர்களுக்கு விகிதப்படி முன்வைக்க வேண்டும் என்கிறது 53ஆம் பிரிவு. அவருடைய வாதம் அங்கிருந்து தொடங்கும்.

நம் பக்கத்தில் வழக்கு சறுக்கும் இடம் வேறு. சீதனமாக ஆலையில் பங்கு கொடுத்தோம் என்பார்கள். கைமாற்றப் பத்திரம் அலுமாரியில் கிடக்கும், பங்குப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்காது. சட்டத்தின் பார்வையில் பங்குதாரர் பதிவேட்டில் பெயருள்ளவரே. பெயர் இல்லையென்றால் ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசுமுன்பே மனு தடுமாறும்.

பங்காளி வேறு, பங்குதாரர் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பங்குடைமைத் தொழிலில் இருப்பவர் பங்காளி. அவருக்கு இந்தப் பிரிவுகள் உதவா.

நீதிமன்றம் இடும் கட்டளைகளில் பெரும்பாலும் நாடப்படுவது, பெரும்பான்மையினரோ கம்பனியோ நியாய விலைக்குப் பங்கை வாங்க வேண்டும் என்பது. அதனால் மனுவுக்கு முன்பே மதிப்பீட்டுக்கான கணக்குகளைத் திரட்ட வேண்டும். பங்குதாரர் கூட்டக் குறிப்புகளைக் கம்பனியில் பார்வையிடும் உரிமை உண்டு. பணிப்பாளர் சபைக் குறிப்புகளுக்கு அந்த உரிமை இல்லை. கம்பனிகள் பதிவாளரிடம் படிவம் 6 புதுப் பங்கு வழங்கலையும், படிவம் 15 வருடாந்தப் பங்குநிலையையும், படிவம் 20 பணிப்பாளர் மாற்றத்தையும் காட்டும். இந்த மூன்றின் உறுதிப்படுத்திய பிரதிகளையும் திகதி வரிசையில் அடுக்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.